கூடு இருக்கிறதா, உடைந்துவிட்டதா? உள்ளீடற்ற ஆக்சைடு வாயு சென்சார் பற்றி ஒரு விரிவான பதில்

திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "குளுக்கோஸிலிருந்து கார்பன் உருண்டை செய்து, அதன்மேல் டின் ஆக்சைடு ஏற்றி, கார்பனை எரித்து உள்ளீடற்ற கோளங்கள் தயாரித்தேன். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் அழகாக வந்தது. ஆனால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) எத்தனாலுக்கு ரெஸ்பான்ஸ் 4 தான் வருகிறது. கடையில் வாங்கிய சாதாரண டின் ஆக்சைடு பவுடரே 3.5 தருகிறது. உள்ளே வெற்றாக இருப்பது நிஜமாகவே உதவுகிறதா, இல்லை பேப்பர் போடுவதற்கான அலங்காரமா? ரிப்போர்ட்டில் மதுரைக்கு இதனால் என்ன பயன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார் கைடு. கிணற்று விஷவாயு, பாதாளச் சாக்கடை இரண்டையும் எழுதலாமா?"

தம்பி, உதவும். ஆனால் நீங்கள் அளந்தது உள்ளீடற்ற கோளங்களைத்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். மின்முனைமேல் பூசப் பேஸ்ட் செய்யும்போது பவுடரை அகேட் என்ற கடினக் கல்லில் செய்த கல்வத்தில் போட்டு அரைத்தீர்களா? அதைக் கொஞ்சம் யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள். அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் சென்சார் எப்படி மணம் பிடிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சூடான டின் ஆக்சைடுத் துகளின்மேல் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. சும்மா ஒட்டுவதில்லை, துகளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு ஒட்டுகிறது. சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மூலக்கூறாகவே உட்காரும். அதற்கு மேலே அணுக்களாகப் பிரிந்து, அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்று எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 400 டிகிரிக்கு மேலே போனால் இரண்டிரண்டாக எடுக்கும். இப்படிப் பறிகொடுத்ததால் துகளின் தோலில் எலக்ட்ரான் வற்றிய ஓர் அடுக்கு உண்டாகிறது, மின்தடை ஏறிவிடுகிறது. எத்தனால் வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதைக் கிளப்பிவிடும், எலக்ட்ரான் துகளுக்கே திரும்பும், மின்தடை இறங்கும். காற்றில் இருந்த மின்தடையை வாயுவில் இருந்த மின்தடையால் வகுத்தால் நீங்கள் சொல்லும் அந்த 4 கிடைக்கும்.

இந்த விஷயம் புதிதல்ல. ஜெர்மேனியத்தின் பரப்பில் வாயு ஒட்டினால் மின் பண்பு மாறுவதை அமெரிக்க இயற்பியலாளர்கள் பிராட்டைனும் பார்டீனும் 1953-இல் எழுதினார்கள். 1962-இல் ஜப்பானில் செய்யாமா துத்தநாக ஆக்சைடுப் படலத்தை வைத்து வாயுவைக் கண்டறிந்தார். அதே ஆண்டு தகுச்சி டின் ஆக்சைடு சென்சாருக்குக் காப்புரிமை கேட்டார். அவருடைய வழியில் 1969-இல் ஃபிகாரோ நிறுவனம் வந்தது. சமையல் எரிவாயு கசிந்தால் கத்தும் அலாரம் அப்படித்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று நீங்கள் ஆர்டுயினோ மின்னணுப் பலகையில் செருகும் எம்க்யூ-2, எம்க்யூ-3 சென்சார் எல்லாம் அந்த வம்சம்தான்.

இனி அளவு. எலக்ட்ரான் வற்றிய அடுக்கின் ஆழம் டின் ஆக்சைடில், வேலை செய்யும் சூட்டில், சுமார் 3 நானோமீட்டர். துகளின் விட்டம் இதைப்போல் இருமடங்குக்கு, அதாவது 6 நானோமீட்டருக்குக் கீழே வந்தால், துகள் முழுவதுமே தோலாகிவிடும். அப்போது ரெஸ்பான்ஸ் செங்குத்தாக ஏறுகிறது என்று கியூஷு பல்கலைக்கழகத்தின் யமசோயே 1991-இல் காட்டினார். இதைப் படித்த எல்லாரும் துகளைச் சிறிதாக்கக் கிளம்பினார்கள். சிறிதாக்கினால் என்ன ஆகும்? துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு மைக்ரான் கணக்கில் கட்டிகளாகிவிடும். ஈரம் பட்ட சர்க்கரை டப்பாவைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கதைதான்.

"உள்ளீடற்ற கோளத்துக்குப் பரப்பளவு அதிகம், ஆகவே ரெஸ்பான்ஸ் அதிகம்" என்று முன்னுரையில் ஒரு வரி எழுதாத ஆய்வேடு கிடையாது. நானும் எழுதியவன்தான். அந்த வரி அரை உண்மை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். டின் ஆக்சைடின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 6.95 கிராம். 400 நானோமீட்டர் விட்டமுள்ள கெட்டி உருண்டை என்றால் ஒரு கிராமுக்குப் பரப்பு 2.2 சதுர மீட்டர் அளவில் வரும். அதே விட்டத்தில் 20 நானோமீட்டர் கனமுள்ள ஓடு மட்டும் இருக்கும் கூடு என்றால், உள்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்த்து 14.4 சதுர மீட்டர். ஏறத்தாழ ஏழு மடங்கு. சரி, இப்போது 10 நானோமீட்டர் சாதாரணத் துகளுக்குப் போட்டுப் பாருங்கள், 86 சதுர மீட்டர்! நிஜக் கூட்டின் ஓடும் அப்படிப்பட்ட சிறு துகள்களால் ஆனதுதான் என்பதால் அதன் பரப்பு 14-க்கு மேலேயே இருக்கும். என்றாலும் வெறும் நானோ பவுடரைப் பரப்பளவில் மட்டும் தோற்கடிக்க அதனால் முடியாது. அப்படியிருந்தும் அளந்து பார்த்தால் கூடு ஜெயிக்கிறது. எதனால்?

சித்திரைத் திருவிழாவில் அன்னதானப் பந்தி பார்த்திருப்பீர்களே. சாம்பார் வாளி வாசல் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது. முன்வரிசைக்காரர்கள் பசியோடு இருந்தால் வாளி அங்கேயே தீர்ந்துவிடும். கடைசி வரிசையில் இலை இருக்கும், ஆள் இருப்பார், சாம்பார் மட்டும் வராது. கட்டிபிடித்த பவுடரில் நடப்பது இதேதான். வெளியில் இருக்கும் துகள்கள் எத்தனாலை எரித்துத் தின்றுவிடுகின்றன. உள்ளே இருப்பவை பேருக்குப் பரப்பளவு வைத்திருக்கின்றன, வாயுவின் வாசமே அவற்றுக்குத் தெரியாது. அவற்றின் மின்தடை மாறாமல் நின்று, வெளித்துகள்களில் நடந்த மாற்றத்தையும் மங்கடித்துவிடும். 86 சதுர மீட்டரில் வேலை செய்தது எத்தனை என்பதுதான் கேள்வி.

வாயு உள்ளே போகும் வேகத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண அழுத்தத்தில், அறை வெப்பநிலையில், காற்றின் மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதுவதற்கு முன் சராசரியாக 70 நானோமீட்டர் அளவுக்கு ஓடும். துகள்களுக்கு இடையே உள்ள சந்து ஐந்து, பத்து நானோமீட்டர்தான். ஆகவே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அதிகம். நூட்சன் விரவல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இதில் வேகம் துளையின் ஆரத்துக்கு நேர் விகிதம், மூலக்கூறு எடையின் வர்க்கமூலத்துக்கு எதிர் விகிதம். ஹைட்ரஜனின் எடை 2, எத்தனாலின் எடை 46. ஒரே சந்தில் எத்தனால் ஹைட்ரஜனைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். அதனால் ஹைட்ரஜனுக்குக் கெட்டிப் பவுடரும் கூடும் அவ்வளவு வித்தியாசம் காட்டாமல் போகலாம். எத்தனால், அசிட்டோன், டொலுவீன் மாதிரி பருத்த மூலக்கூறுகளிடம்தான் கூட்டின் அருமை தெரியும். எத்தனாலைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று.

கூடுகளை அடுக்கினால் கூட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அகலத்துக்குப் பெரிய இடைவெளி இருக்கும். அதுதான் ராஜபாட்டை. ஓட்டின் சுவரில் உள்ள சின்னத் துளைகள் சந்துகள். வாயு ராஜபாட்டையில் தடையில்லாமல் வந்து, சந்தில் பத்து இருபது நானோமீட்டர் மட்டும் நடந்தால் போதும், எந்தத் துகளையும் தொட்டுவிடலாம். உள்ளிருக்கும் வெற்றிடம் தானாக எதையும் உணர்வதில்லை. உணர்வது ஓடு. எல்லாத் துகளையும் வாசலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்ததுதான் வெற்றிடம் செய்த உபகாரம்.

இதிலிருந்து ஒரு சங்கடம் பிறக்கிறது. ஓடு கனமாகவும் துளையில்லாமலும் இருந்தால் வாயு உள்பக்கம் போகாது. வெளித்தோல் மட்டும் வேலை செய்யும், அந்தக் கூடு கெட்டி உருண்டைக்குச் சமம். கொரியாவின் ஜாங்-ஹியுன் லீ 2009-இல் உள்ளீடற்ற அமைப்புகளையும் அடுக்கடுக்கான அமைப்புகளையும் பற்றி எழுதிய நீண்ட மதிப்பாய்வில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: ஓடு மெல்லிதாக, வாயு புகக்கூடியதாக இருந்தால் ரெஸ்பான்ஸும் கிடைக்கும், வேகமும் கிடைக்கும். மானாமதுரைக்குப் போனால் கடம் செய்பவர்களிடம் ஒரு கடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அவர்கள் கவலையெல்லாம் சுவரின் கனத்தில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றுக்கு யாரும் தனியாக மெனக்கெடுவதில்லை. நம் வேலையும் அப்படித்தான், ஒரே வித்தியாசம் கடத்துச் சுவரில் துளை இருந்தால் அவர்கள் தூக்கிப்போட்டுவிடுவார்கள், நாம் கொண்டாடுவோம்.

எஸ்இஎம் படத்தில் உங்கள் ஓட்டின் கனம் தெரியாது. உடைந்த கூடு ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் ஓரளவு ஊகிக்கலாம். சரியாகத் தெரிய டிஇஎம் (பொருளை ஊடுருவிப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வேண்டும். விளிம்பு கருப்பாக, நடு வெளுப்பாகத் தெரியும், கனத்தை அங்கேயே அளந்துகொள்ளலாம். நான் என் மாதிரிகளைக் காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் கட்டணம் கட்டி எடுத்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், கையில் நாலு சின்னக் குப்பி. அந்தப் படங்கள்தான் என் ஆய்வேட்டைக் காப்பாற்றின.

தயாரிப்புக்கு வருவோம். நீங்கள் கையாண்டது கெட்டி அச்சு முறை. குளுக்கோஸ் கரைசலை ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) அடைத்து 160 முதல் 180 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் கார்பன் உருண்டைகள் கிடைக்கும் என்பதை சீனாவின் சுன், லீ இருவரும் 2004-இல் எழுதினார்கள். இந்த உருண்டையின் மேல்பரப்பில் ஹைட்ராக்சில் குழுக்கள் நிறைய இருப்பதால் உலோக அயனிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், தனியாகப் பசை தேவையில்லை. பிறகு காற்றில் சுட்டால் கார்பன் எரிந்துபோகும், ஆக்சைடு ஓடு நிற்கும். நம் ஊர்ப்பக்கம் அய்யனார் கோயிலுக்குக் குதிரை செய்கிறவர்கள் களிமண்ணில் உமி கலப்பார்கள். சூளையில் உமி எரிந்து, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுப்போகும். குதிரையின் வயிறும் வெற்றாகத்தான் இருக்கும், கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். அச்சை எரித்துக் கூடு எடுப்பது, சுவரில் துளை வைப்பது, இரண்டுமே அந்த ஒரு குதிரையில் இருக்கிறது.

இங்கே சூட்டை ஏற்றும் வேகம் உயிர்நாடி. கார்பன் எரிவது வெப்பம் உமிழும் வினை. அடுப்பு 450 டிகிரி காட்டினாலும் உருண்டைக்குள் சூடு எகிறியிருக்கும். நிமிடத்துக்கு 10 டிகிரி என்று ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாகப் பீறிட்டு ஓட்டைக் கிழிக்கும், துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். நிமிடத்துக்கு 1 டிகிரி என்று வையுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். கூடு, அச்சைவிட ரொம்பவே சுருங்கித்தான் வரும், பயப்படவேண்டாம், அந்தச் சுருக்கத்தில்தான் சிதறிய அயனிகள் நெருங்கி ஓடாகின்றன. ஆட்டோகிளேவை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், முழுதாக ஆறுவதற்குள் திறக்கவும் திறக்காதீர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அச்சே இல்லாமலும் கூடு செய்யலாம். எனக்குப் பிடித்தது கிர்கெண்டால் விளைவு. 1947-இல் ஸ்மிகெல்ஸ்காஸும் கிர்கெண்டாலும் பித்தளைக் கட்டி ஒன்றைச் சுற்றி மாலிப்டினக் கம்பிகளை வைத்து, அதன்மேல் செம்பைப் பூசி, சூடேற்றி நாட்கணக்கில் பார்த்தார்கள். கம்பிகள் உள்பக்கமாக நகர்ந்திருந்தன. பித்தளையில் இருந்த துத்தநாகம் வெளியே ஓடிய வேகத்துக்குச் செம்பு உள்ளே வரவில்லை என்று அர்த்தம். ஓடியவன் விட்டுப்போன காலி இடங்கள் சேர்ந்து குழிகளாகும். வெண்கலக்கடைத் தெருவில் அண்டா வாங்குகிறவர்களுக்கு இது தேவையில்லாத கவலை. உலோகவியல்காரர்களுக்கோ பெரிய அதிர்ச்சி, அணுக்கள் சமமாக இடம் மாறிக்கொள்ளும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். உலோகத்தில் குறையாகக் கருதப்பட்ட அதே குழியை 2004-இல் அமெரிக்க வேதியியலாளர் அலிவிசாட்டோஸ் குழுவினர் வரமாக்கினார்கள். கோபால்ட் நானோத் துகளைக் கந்தகத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரியவிட்டபோது, கோபால்ட் வெளியே ஓடிய வேகத்தில் துகளின் நடுவே குழி விழுந்து, துகளே கூடாகிவிட்டது.

ஆஸ்ட்வால்டு முதிர்ச்சி வழியும் உண்டு. உருண்டையின் உள்ளே இருக்கும் சிறு படிகங்கள் கரைந்து வெளியே இருக்கும் பெரிய படிகங்களில் போய்ச் சேர, நடு காலியாகும். ஆட்டோகிளேவில் நேரத்தைக் கூட்டக் கூட்டக் குழி பெரிதாகும். உலோக-கரிமச் சட்டகங்களைச் சுட்டுக் கூடு எடுப்பது இப்போது மோஸ்தர். உங்கள் புராஜெக்டுக்கு அது வேண்டாம்.

இனி உங்கள் 4-க்கு வருகிறேன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் இதே கதையில் மாட்டினேன். பவுடர் எஸ்இஎம்மில் முட்டை அடுக்கியது மாதிரி இருந்தது. பேஸ்ட் வழவழவென்று வரவேண்டும் என்று டெர்பினியால் என்ற திரவம் விட்டு அகேட் கல்வத்தில் இருபது நிமிடம் அரைத்தேன். ரெஸ்பான்ஸ் சாதாரணப் பவுடரோடு ஒட்டியே நின்றது. கலவையை மாற்றினேன், சூடு மாற்றினேன், ஐந்து மாதம் போனது. கடைசியில் சீனியர் ஒருவர் வந்து, "பூசின படலத்தை எஸ்இஎம் எடுத்தியாடா?" என்று கேட்டார். எடுத்தோம். சட்னிக்கு அரைத்த தேங்காய்தான் தெரிந்தது, ஒரு முழுக் கூடு இல்லை. பவுடரைப் படமெடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிட்டு, உடைந்த ஓடுகளை அளந்து ரெஸ்பான்ஸ் எழுதியிருக்கிறேன்! இன்றைக்கும் யாராவது "கூடு உதவவில்லை" என்றால் எனக்கு முதலில் கல்வம்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே அரைக்காதீர்கள். பவுடரைக் கொஞ்சம் தண்ணீரிலோ எத்தனாலிலோ போட்டு, கண்ணாடிக் கம்பியால் மெதுவாகக் கலக்குங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒரு நிமிடம் போதும், கம்பிபோல் உள்ளே விடும் புரோப் கிட்டேயே வரவேண்டாம். தூரிகையாலோ மைக்ரோ பிப்பெட்டாலோ மின்முனையின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவையுங்கள். படலம் பத்து, இருபது மைக்ரானுக்குள் இருக்கட்டும், கனமாகப் பூசினால் பழையபடி பந்தியின் கடைசி வரிசைக் கதைதான். கூடுகள் ஒன்றையொன்று புள்ளிகளில்தான் தொடும் என்பதால் அடிப்படை மின்தடை மிக அதிகமாக வரலாம். உங்கள் மல்டிமீட்டரின் எல்லையைத் தாண்டினால் சுமைமின்தடை போட்டு மின்னழுத்தப் பகிர்வு வழியாக அளவிடுங்கள். முதல் அளவீட்டுக்கு முன் ஹீட்டரைப் போட்டு இரண்டு நாளாவது ஓடவிடுங்கள்.

சூட்டை ஒரே புள்ளியில் வைத்து அளந்திருந்தால் அதுவும் தவறு. ரெஸ்பான்ஸை வெப்பநிலையோடு வரைந்தால் மணிபோல் ஏறி இறங்கும். குறைந்த சூட்டில் வினை நடக்காது, அதிகச் சூட்டில் எத்தனால் படலத்தின் மேல்தட்டிலேயே எரிந்து தீரும். கூட்டின் உச்சமும் சாதாரணப் பவுடரின் உச்சமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை. 200-இலிருந்து 400 டிகிரி வரை 25 டிகிரிக்கு ஒருமுறை இரண்டையும் அளந்து, அதன் உச்சத்தை இதன் உச்சத்தோடு ஒப்பிடுங்கள்.

100 பிபிஎம் என்று சொல்கிறீர்கள், எப்படி வந்தது அந்த 100? மூடிய பெட்டிக்குள் ஊசியால் எத்தனால் விடுகிறீர்கள் என்றால் கணக்கு இதுதான். 1 மைக்ரோலிட்டர் எத்தனால் 0.789 மில்லிகிராம். 25 டிகிரியில் அது ஆவியானால் 0.42 மில்லிலிட்டர். 10 லிட்டர் பெட்டியில் அது சுமார் 42 பிபிஎம். 100 பிபிஎம்முக்கு 2.4 மைக்ரோலிட்டர் வேண்டும். சித்திரை மாதத்து லேபில் 35 டிகிரி இருந்தால் மூன்று சதவீதம்போல் மாறும், அது பெரிதில்லை. ஊசியின் நுனியில் தொங்கி நிற்கும் துளி அதைவிடப் பெரிய பிழை. உள்ளே சின்னச் சூடுதட்டும் ஒரு மின்விசிறியும் இல்லையென்றால் எத்தனால் மூலையில் தேங்கி நிற்கும். சானிடைசர் தடவிய கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள், அடிக்கோடு (வாயு இல்லாதபோது சென்சார் காட்டும் அளவு) துள்ளும். ஒரு மாணவர் மூன்று நாள் அந்தத் துள்ளலைப் 'புதிய கண்டுபிடிப்பு' என்று குறித்துவைத்திருந்தார்.

ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீராவி டின் ஆக்சைடின் மேல் ஹைட்ராக்சிலாக உட்கார்ந்து ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கும். அடிப்படை மின்தடை இறங்கும், ரெஸ்பான்ஸும் குறையும். பங்குனி வெயிலில் எடுத்த வரைபடத்தையும் ஐப்பசி மழையில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு சென்சார் போலிருக்கும். ஒப்பிட வேண்டிய இரண்டு பவுடரையும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் அளந்துவிடுங்கள். இண்டியம் ஆக்சைடுக் கூட்டில் சீரியம் ஆக்சைடைத் தூவி ஈரத்தின் தொந்தரவைப் பெருமளவு அடக்கியதாக முன்னே சொன்ன கொரியாவின் லீயின் குழு 2016-இல் காட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போக ஆசையிருந்தால் அது அடுத்த புராஜெக்ட்.

இன்னொன்று, 4-க்கும் 3.5-க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு சென்சாரை வைத்துச் சொல்லமுடியாது. கையால் பூசிய படலங்களில் அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் சாதாரணம். ஒவ்வொன்றிலும் ஐந்தாவது செய்யுங்கள்.

இனி மதுரைக்கான பக்கம். பாதாளச் சாக்கடையை எழுதுங்கள், தாராளமாக. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் ஒரு பிபிஎம்முக்கு வெகு கீழேயே மூக்குக்குத் தெரியும். ஆனால் 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். மனிதரை இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டமே வந்துவிட்டது. இருந்தும் இறக்குகிறார்கள், சாகிறார்கள். சென்சார் இருப்பது ஆளை இறக்குவதற்கான அனுமதி என்று தொனிக்கும்படி ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள். மூடியைத் திறப்பதற்கு முன், இயந்திரத்தை இறக்குவதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரர்களை எச்சரிக்க என்று எழுதுங்கள். இந்த வாயுவுக்குச் செம்பு ஆக்சைடு பொருத்தம். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டதும் அது செம்பு சல்ஃபைடாகிறது, சல்ஃபைடு நன்றாக மின்சாரம் கடத்தும். டின் ஆக்சைடோடு செம்பு ஆக்சைடைச் சேர்த்தால் இரண்டுக்கும் நடுவே இருந்த மின்தடுப்பு அந்த நொடியில் சரிந்துவிடும். ஜப்பானியர்கள் 1990-களிலேயே இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். மீட்சிதான் சிக்கல், சல்ஃபைடை மறுபடி ஆக்சைடாக்கச் சூட்டை ஏற்றவேண்டும். மெல்லிய ஓடு இருந்தால் அந்த மாற்றம் ஓட்டின் முழுக் கனத்துக்கும் சீக்கிரம் நடந்து முடியும்.

ஒரு எச்சரிக்கை. செம்பு ஆக்சைடை மட்டும் தனியாகக் கூடாக்கி எத்தனாலுக்கு அளந்தால் ரெஸ்பான்ஸ் குறைவாகத்தான் வரும். அது பி-வகைக் குறைகடத்தி, அதில் மின்சாரத்தைச் சுமப்பது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்; டின் ஆக்சைடு என்-வகை, அதில் சுமப்பது எலக்ட்ரான். ஒரே வடிவம், ஒரே அளவு என்றால் பி-வகையின் ரெஸ்பான்ஸ் என்-வகையினதின் வர்க்கமூலம் என்று கணக்கு இருக்கிறது. அங்கே 16 என்றால் இங்கே 4. மனம் விடாதீர்கள்.

கிணற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். நம் பக்கத்துப் பாழுங்கிணறுகளில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜன் பற்றாக்குறையும். கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே எரிந்து முடிந்தது. ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிய அதற்கு ஒன்றும் மிச்சமில்லை, டின் ஆக்சைடு அதை ஏறத்தாழக் கண்டுகொள்ளாது. ஆக்சிஜன் குறைந்தாலோ சென்சாரின் அடிக்கோடே நகர்ந்து, காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். அந்தக் காலத்தில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பார்கள். மீத்தேன் தேங்கிய கிணற்றில் அந்த விளக்கே வினையாகும். அங்கே வேண்டியது மின்வேதி ஆக்சிஜன் செல்.

கிணற்றின் இடத்தில் மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டை எழுதலாம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதி தந்தது. பழுக்கவைக்கும் அறையில் அந்த அளவைக் காட்டும் மலிவான சென்சாருக்குத் தேவை நிஜமாகவே இருக்கிறது. கஷ்டம் எங்கே என்றால், எத்திலீன் வினையில் மந்தமானது, பழுத்த பழமோ எத்தனாலையும் விடும். உங்கள் டின் ஆக்சைடு எத்தனாலுக்குத்தான் முதலில் கத்தும். இதை மறைக்காமல் ரிப்போர்ட்டிலேயே எழுதிவிட்டால் வைவாவில் வரும் கேள்வியில் பாதி முடிந்துவிடும்.

கல்வம் விஷயத்துக்கு உங்கள் பதில் "ஆமாம்" என்றால், மிச்சமிருக்கும் பவுடரை அரைக்காமல் மூன்று சென்சார் பூசி, அதில் ஒன்றைச் சுரண்டி எஸ்இஎம் எடுத்துப் பாருங்கள். "இல்லை" என்றால் அடுப்பில் சூடு ஏற்றிய வேகத்தையும் அளந்த வெப்பநிலையையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து ஓட்டின் கனத்தைப் பார்ப்போம்.